காணாமல் போன நாலாவது கிராஸ்

அத்தியாயம் 9

"சாமியே கும்பிடாத மனுஷன், பிள்ளையாரைப் பாக்கணும்னு எதுக்கு எழுதி வச்சாரு?"

நாராயணம்மா கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த முனிலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதில் தெரிந்திருந்தால் அவள் இங்கே எதற்கு வரப்போகிறாள்!

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டயர் கடையின் மாடியில் ஓர் அறை. அதில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, பாதி நாள் வேலை செய்யாத ஒரு டெலிபோன். நாராயணம்மாவின் துப்பறியும் நிறுவனம் அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் பத்திரப்பதிவு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். பொய்ப் பத்திரங்களைக் கண்டுபிடிப்பதில் மேலதிகாரிகளுக்கு இல்லாத ஆர்வத்தைக் காட்டியதால் வேலை போனது. அவருக்கு உதவியாள் ரசூல். காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. வாய் நீளம் என்று அப்பா துரத்திவிட்டார். இங்கே வந்து இரண்டு வருஷமாகியும் வாய் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை.

"திங்கக்கிழமை காலைல போனவருங்க. இன்னிக்குப் புதன். ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா, ரெண்டு நாள் பொறும்மா, தானா வந்துருவாருங்கறாங்க" என்றாள் முனிலட்சுமி. கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் போடுகிற நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

அவள் கணவர் கோவிந்தப்பன் புது மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். கம்பெனிகள் வந்த பிறகு ஓசூரைச் சுற்றி ராகி விளைந்த நிலமெல்லாம் 'சைட்'டாக மாறிக்கொண்டிருந்தது. எந்தத் தெரு எத்தனை அடி, எங்கே பார்க், முனையில் எவ்வளவு வெட்டிவிட வேண்டும் என்று சர்க்கார் வைத்திருக்கும் விதிகளெல்லாம் கோவிந்தப்பனுக்கு மனப்பாடம். பாகலூர் ரோட்டில் நல்லுசாமி என்கிற புரமோட்டர் போட்ட பொன்மலர் நகரும் அவர் கைவண்ணம்தான். இன்று மூன்று மணிக்கு, அந்த நகரின் தெருக்களையெல்லாம் நல்லுசாமி பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்.

"ஒரு மாசமாவே அவருக்குச் சரியாத் தூக்கமில்லீங்க. போன வாரம் பூரா, புதன்கிழமை மூணு மணிக்குள்ள ஒண்ணு பண்ணியாகணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. என்னான்னு கேட்டா வாயே தொறக்கல."

"மூணு மணிக்கு அப்புறம்?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நொந்துகொண்டான் ரசூல்.

"மூணு மணிக்கு அப்புறம் அவரு யாருக்கும் தேவைப்பட மாட்டாரு. யாராச்சும் அவரைப் புடிச்சு வச்சிருந்தா, அவங்களுக்கும்தான். எனக்கு அதாங்க பயமா இருக்குது."

மஞ்சள் பையிலிருந்து அவள் வந்ததுமே எடுத்துக் கொடுத்திருந்த கணவரின் நோட்டில் கடைசி வரி இதுதான்: '27 – பிள்ளையார் – பார்க்கணும்.'

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டியது. நாராயணம்மா எழுந்தார்.

"ஸ்கூட்டரை எடு ரசூலு. பொன்மலர் நகர், இருபத்தேழாம் நம்பர் சைட்டு."

முனிலட்சுமியும் பையோடு எழுந்து நின்றாள். 'நீ இரும்மா' என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

"மூணு பேரு போனா போலீஸ் புடிப்பாங்கக்கா" என்றான் ரசூல்.

"புடிக்கட்டும். அப்பவாச்சும் இந்தக் கேஸைப் போலீஸ் பாக்கட்டும்."

ஐப்பசித் தூறல். ஷிஃப்ட் பஸ்களுக்கும் கிரானைட் லாரிகளுக்கும் நடுவே லாம்ப்ரெட்டா முனகிக்கொண்டே போயிற்று. பொன்மலர் நகரின் ஆர்ச்சில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் நல்வரவு எழுதியிருந்தார்கள். உள்ளே வீடுகள் பத்துகூடத் தேறாது. மீதியெல்லாம் வெள்ளையடித்த கல்லும், கல்லைச் சுற்றி மேய்கிற ஆடும்தான்.

இருபத்தேழாம் நம்பரில் வீடு கட்டிக் குடிவந்திருந்தார்கள். காம்பவுண்டுச் சுவரில் ஒரு மாடம் வைத்து, அதற்குள் ஒரு முழ உயரத்தில் பிள்ளையார். அருகம்புல் மாலைகூட வாடவில்லை. அவருக்கு நேர் எதிரே, மெயின் ரோட்டைத் தாண்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டின் மொட்டைச் சுவர்.

"பாவம்க்கா. வேடிக்கை பாக்க ஒண்ணும் இல்லாம சுவத்தையே பாத்துக்கினு உக்காந்திருக்காரு" என்றான் ரசூல்.

நாராயணம்மா சிரிக்கவில்லை. "வீட்டுக்காரங்க பிள்ளையாரை எப்ப ரோட்டைப் பாத்து வெளிய வைப்பாங்க?"

"தெருக்குத்து இருந்தா வைப்பாங்க. எங்க ஊர்லயும் ஒரு செட்டியார் வீட்டுல இருக்காரே. நேரா ஒரு தெரு வந்து வீட்டு மேல முட்டினா குடும்பத்துக்கு ஆகாதாமே, அதுக்காக..."

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். பிள்ளையாரைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். முட்டுவதற்கு அங்கே தெருவே இல்லை.

குரல் கேட்டு வீட்டுக்கார வெங்கடம்மா வெளியே வந்தாள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் பேசுகிற மனுஷி. விசாரித்ததும் வெகுளியாகக் கொட்டினாள்.

"ரண்டி, உள்ள வாங்க. பிள்ளையாரா? வீட்டுக்கு நேரா நாலாவது கிராஸ் வந்து குத்துதுன்னு மேஸ்திரி சொன்னாரு, வச்சோம். ரெண்டு பக்கமும் கல்லு நட்டு ஜல்லிகூடக் கொட்டியிருந்தாங்க. போன வருஷம் மக பிரசவத்துக்குத் தேன்கனிக்கோட்டை போய் ஒரு மாசம் இருந்துட்டு வந்து பாத்தா, ரோடு இல்லை, ஷெட்டுதான் நிக்குது."

"நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

"என்னாத்துக்குக் கேக்கணும்? நல்லுசாமி சாரே வீடு தேடி வந்து, 'உங்க தெருக்குத்தைத் தீத்துப் போட்டேனுங்கம்மா'ன்னு மைசூர்பாக் டப்பா குடுத்தாரு. ரொம்ப நல்ல மனுஷன்."

ரசூலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு தெருவையே முழுங்கியவனுக்கு ஊரே கூடி நன்றி சொல்லியிருக்கிறது! கல்லையும் ஜல்லியையும் அகற்றத் தெரிந்த நல்லுசாமிக்குப் பிள்ளையாரைத் தொட மட்டும் பயம். அந்தத் தெரு இருந்ததற்கு இந்த ஒரு சாட்சிதான் பாக்கி. கோவிந்தப்பன் பார்க்க வந்ததும் இந்தச் சாட்சியைத்தான்.

நாராயணம்மா அதற்குள் ஷெட்டின் அகலத்தை எட்டு வைத்து அளந்துகொண்டிருந்தார். அவர் எட்டு ஒன்றுக்கு இரண்டரை அடி, கச்சிதம். பன்னிரண்டு எட்டு. பக்கத்து சைட்டை அளந்தார். பதினாறு. அதற்கடுத்த சைட்டும் பதினாறு.

ஷெட்டுக்குப் பின்னால் புதிதாக அஸ்திவாரம் போட்ட இன்னொரு சைட். அதற்கும் பின்னால் கூலியாட்கள் குடியிருக்கும் லேபர் லைன் வீடுகளின் ஓட்டுக் கூரைகள். அஸ்திவாரத்தைப் பார்த்ததும் மூன்று நாள் கழித்து முதல் முறையாக முனிலட்சுமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இது எங்களுதுங்க. ஆறு வருஷம் ஓவர்டைம் பாத்திருக்கேன் இதுக்கு. தை பொறந்தா செவுரு எழுப்பணும்."

நாராயணம்மா அதையும் அளந்தார். பன்னிரண்டு எட்டு. நிமிர்ந்து முனிலட்சுமியை ஒரு கணம் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். அக்கா எதையாவது விழுங்குகிற ஆளில்லையே என்று ரசூல் யோசிப்பதற்குள் பின்னால் ஒரு அம்பாசடர் கிறீச்சிட்டு நின்றது.

நல்லுசாமி இறங்கினார். வெள்ளை வேட்டி, கைவிரல் நான்கில் மோதிரம், சேலத்துக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. கூடவே இரண்டு பேர் இறங்கி ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"ஏனுங்கம்மா, எங்க நகர்ல வந்து எட்டு வெச்சுப் பாக்கறீங்க? ஏதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா?"

முனிலட்சுமி முன்னால் பாய்ந்தாள். "எங்க வூட்டுக்காரரு எங்க?"

"அட, கோவிந்தப்பனைக் காணோமா? பெங்களூரு பக்கம் வேலை இருக்குன்னாருங்களே. வந்துருவாரு, கவலைப்படாதீங்க."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ரசூலின் கை முறுக்கிக்கொண்டது. நாராயணம்மா அவன் காலை லேசாக மிதித்தார். பிறகு நல்லுசாமியைப் பார்த்து, ரசூல் இதுவரை பார்த்திராத ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"எனக்கு ஒரு சைட்டு வேணுங்க. அதான் அளந்து பாத்துக்கினு இருந்தேன். இங்க நாலாவது கிராஸ்னு ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்றாங்களே?"

"யாருங்க அப்படிச் சொன்னது? பிளான்லயே அது கிடையாதுங்களே." நல்லுசாமி காரிலிருந்து ஒரு சுருளை எடுத்துப் பானட்மேல் விரித்தார். "சர்க்கார் சீல் பாருங்க, தேதி பாருங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அப்ரூவல் ஆனது. மூணே கிராஸ்தான்."

சீல் இருந்தது. தேதி இருந்தது. நாலாவது கிராஸ் இல்லை. நாராயணம்மா தாளின் மேல் மூக்கு உரசும்படி குனிந்து நிதானமாகப் பார்த்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். காவலுக்கு நின்றவர்களில் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"இதோ, முதல் கிராஸ்ல ஒரு வட்டம் போட்டிருக்கே. அந்த வட்டத்துப் பக்கத்துல ஒரு சைட்டு காலி இருக்குங்களா?"

"வட்டமா?" நல்லுசாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ஒரு கணம் தடுமாறினார். "ஓ, அதுங்களா? அது பார்க்குங்க. பூச்செடியெல்லாம் வைக்கப் போறோம். அங்கெல்லாம் காலி இல்லைங்க."

"அடடா" என்று ரொம்ப வருத்தப்பட்டார் நாராயணம்மா.

கார் கிளம்பிப் போயிற்று. மணி ஒன்று ஐம்பது. பத்திர ஆபீஸுக்குத்தான் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. இந்த பிளானோடு தானப் பத்திரம் பதிவாகிவிட்டால், நாலாவது கிராஸ் இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

"விட்டுட்டீங்களேக்கா!" ரசூல் குதித்தான்.

"வாசனை அடிச்சுதா உனக்கு?"

"சென்ட் வாசனைதான் அடிச்சுது."

"அம்மோனியா. புதுசா பிரிண்ட் போட்ட வரைபடம்தான் அப்படி மூக்கைப் பிச்சுக்கினு போவும். ரெண்டு வருஷப் பழசுங்கறான், தாளு நேத்துப் பொறந்தது." முனிலட்சுமியின் பக்கம் திரும்பினார். "அந்த நம்பரெல்லாம் யார் கையெழுத்தும்மா? ஏழுக்கு நடுவுல ஒரு கோடு."

"அவரு எழுத்துங்க! அவருதான் ஏழை அப்படிப் போடுவாரு."

"அப்ப நேத்துவரைக்கும் உயிரோட இருக்காரு. உக்கார வச்சு மிரட்டி வரைய வச்சிருக்காங்க."

முனிலட்சுமி ஷெட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழ நேரமில்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கேளு ரசூலு" என்றார் நாராயணம்மா. "நாலாவது கிராஸை எடுத்துட்டா இந்த மெயின் ரோடு முட்டுச் சந்தாகுது. முட்டுச் சந்துக்குக் கடைசில வண்டி திரும்ப வட்டம் விட்டே ஆகணும். அது இல்லாத பிளானுக்கு எந்த ஆபீஸும் சீல் வைக்காது. அவன் காட்டின தாள்ல மெயின் ரோட்டுக் கடைசில வட்டம் இல்லை. ரெண்டு பக்கமும் தொறந்து கிடக்கிற முதல் கிராஸ்ல வட்டம் இருக்குது. நேராப் போய் வெளிய வந்துடலாம், அங்க எதுக்கு வண்டி திரும்பணும்?"

"தெரியாம போட்டிருப்பாரோ?"

"இருபது வருஷமா தெரு வரையறவரா? கழுத்துல கத்தி வச்சாலும் அந்தத் தப்பு அவருக்கு வராது. பார்க்குக்குத் தாள்ல தனியா இடம் விட்டிருக்கு, எழுதியும் இருக்கு. நல்லுசாமிக்கு அந்த வட்டம் என்னான்னே தெரியல. தெரு வரையத் தெரிஞ்ச எவனாவது பார்த்து, இது என்னடா கிறுக்குத்தனம்னு கேக்கணும். அதுக்காகப் போட்ட வட்டம். அது லெட்டரு."

"யாருக்கு?"

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு. முதல் கிராஸ்ல அந்த இடத்துல என்ன இருக்குது?"

"பழைய கெணறுங்க. பக்கத்துல மோட்டார் ரூமு" என்றாள் முனிலட்சுமி. சொல்லி முடிப்பதற்குள் ஓடத் தொடங்கிவிட்டாள். அவளைப் பிடித்து நிறுத்துவதற்குள் ரசூலுக்கு மூச்சு வாங்கியது.

மோட்டார் ரூம் வாசலில், பீடி பிடித்துக்கொண்டு ஒரு தடியன் உட்கார்ந்திருந்தான். கதவில் பூட்டு. நாராயணம்மாவும் முனிலட்சுமியும் கிணற்று மறைவில் ஒதுங்க, ரசூல் தலையைக் கலைத்துக்கொண்டு, இரைக்க இரைக்க ஓடுகிறவன் மாதிரி எதிரே போனான். தடியன் கன்னடத்தில் அதட்டினான். ரசூலும் கன்னடத்திலேயே பதறினான்.

"யஜமான்ரு கரீத்தாவ்ரே! ஆர்ச் ஹத்ர கார் நிந்தோகிதே. பேகா பா!"

முதலாளி கூப்பிடுகிறார், ஆர்ச்சுக்கிட்டே கார் நின்றுபோயிற்று என்று கேட்டதும் தடியன் பீடியைக் கூட அணைக்காமல் ஓடினான். ஆர்ச்சுக்குப் போய்த் திரும்ப எப்படியும் பத்து நிமிஷம். பொய் சொன்னான் என்று தெரிந்தால் ரசூலுக்கு ஆயுள் அதோடு சரி.

கடப்பாரைக்கு எங்கே போவது? சைட்டுக் கல் ஒன்றைப் பிடுங்கிப் பூட்டில் மூன்று போடு போட்டான். நாலாவதில் தாழ்ப்பாளே கழன்று விழுந்தது.

உள்ளே, கதவுப் பலகை ஒன்றை டிரம்மின் மேல் போட்டு வரையும் மேஜையாக்கியிருந்தார்கள். காலடியில் மசிப் புட்டி. மூலையில் கை கட்டப்பட்டு, மூன்று நாள் தாடியோடு கோவிந்தப்பன். கண்ணைத் திறந்து முதலில் நாராயணம்மாவைத்தான் பார்த்தார்.

"வட்டம்... பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் தேம்பித் தேம்பி அழுதார். முனிலட்சுமி அவரைக் கட்டிக்கொண்டு, அடித்தாள், தடவினாள், மறுபடி அடித்தாள். ரசூல் கயிற்றை அறுத்தபடி வெளியே எட்டிப் பார்த்தான். மணி இரண்டு பதினைந்து.

"கிளம்புங்க சார். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால நீங்க போய்ச் சொன்னா போதும்."

கோவிந்தப்பன் அசையவில்லை.

"நான் என்னான்னு சொல்றது? தாள்ல இருந்த தெருவை இப்பத்தான் அவனுங்க அழிக்கச் சொன்னாங்க. தரையில இருந்த தெருவைப் போன வருஷமே அழிச்சாச்சு. கல்லைப் புடுங்கி மாத்தி நட்டது நானு. அதுக்குக் கூலியா ஒரு சைட்டு குடுத்தான், பாதி விலைக்கு." மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "லட்சுமி, மத்த சைட்டெல்லாம் நாப்பது அடி. நம்முளுது மட்டும் ஏன் முப்பதுன்னு நீ கேட்டதே இல்லை."

அக்கா எட்டு வைத்து அளந்ததும், எதையோ விழுங்கியதும் ரசூலுக்கு இப்போதுதான் விளங்கியது. முப்பதடித் தெருவின் முன்பாதியில் ஷெட். பின்பாதியில் அந்த அஸ்திவாரம்.

"போன மாசம் லைன் வீட்டுல சுக்ரான்னு ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி" என்றார் கோவிந்தப்பன். "ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுக் கடைசிவரைக்கும் வந்துடுச்சு. அந்தப் பக்கம் போக வழியில்லை, திரும்பவும் இடமில்லை. கட்டில்ல தூக்கியாந்து ஏத்தி, ரிவர்ஸ்லயே ஆர்ச் வரைக்கும் போனாங்க. பொண்ணு பொழைச்சுக்கிச்சு. கொழந்தை இல்லை. நான் அஸ்திவாரத்துக்குத் தண்ணி ஊத்திக்கினு நின்னு பாத்தேன். நான் போட்ட தெருவு அது. அன்னிக்குப் போச்சு தூக்கம்."

முனிலட்சுமி அவரிடமிருந்து கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து கதவருகே போய் நின்றாள். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆறு வருஷ ஓவர்டைம் அந்த முதுகில்தான் ஏறியிருந்தது.

"நிக்கவே தெம்பில்லை இவருக்கு. ஸ்கூட்டர்ல தாங்க மாட்டாரு" என்றார் நாராயணம்மா மெதுவாக. "ஆனா அந்தத் தெரு மேலயே சைட்டு வச்சிருக்கறவங்க பத்திரத்தோட போய் எழுதிக் குடுத்தாலும் தலைவர் கையெழுத்துப் போட மாட்டாரு. உன்னைப் போன்னு நான் சொல்ல மாட்டேம்மா. சொல்ற உரிமை எனக்கில்லை."

முனிலட்சுமி திரும்பினாள். மஞ்சள் பையைத் தோளில் மாட்டினாள். வீட்டிலிருந்த காகிதம் அத்தனையையும் காலையில் அதில் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"ஸ்கூட்டரை எடுங்க ரசூல் அண்ணே."

நாராயணம்மா கோவிந்தப்பனைத் தாங்கி வெங்கடம்மா வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவதைப் பார்த்துவிட்டுத்தான் ரசூல் கிக்கரை மிதித்தான். ஆர்ச்சைத் தாண்டும்போது தடியன் கத்திக்கொண்டே கல்லை எறிந்தான். கல் பின் விளக்கை நொறுக்கியது. முனிலட்சுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. கட்டைக்கு அடியில் வண்டியைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போனார்கள், கேட் கீப்பர் இரண்டு மொழியில் திட்டினான்.

பத்திர ஆபீஸில் நுழைந்தபோது மூன்றாக நாலு நிமிஷம். நல்லுசாமி கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றாள் முனிலட்சுமி. நீலக் கோட்டு முழுக்கச் சேறு. பையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "பொன்மலர் நகர்ல சைட்டு வச்சிருக்கறவ நானு. இந்த பிளானு பொய்யிங்க."

தலைவரின் பேனா அந்தரத்தில் நின்றது. நல்லுசாமி நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார். குரல் ரொம்ப அன்பாக வந்தது.

"யோசிச்சுப் பேசுங்கம்மா. இதைச் சொன்னா நீங்க கட்டற வீடு போயிருமுங்க."

முனிலட்சுமி பத்திரத்தைத் தலைவரின் பக்கம் தள்ளினாள்.

"அது வீடு இல்லீங்க. ரோடு."